இரண்டு ரூபாய்ச் சந்தேகம்

தேர்தல் பணிக்குச் செல்லும் கல்லூரி ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பில் ஒரு கையேடு தருவார்கள். பெரும்பாலோர் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு தேநீர் எப்போது வரும் என்று காத்திருப்பர். வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக முதன்முறை நியமிக்கப்பட்டபோது, அச்சத்தின் காரணமாக நான் அதனை முழுவதும் படித்தேன். அதிலிருந்த ஒரு விதி இன்றளவும் என்னை விட்டு அகலவில்லை. வாக்களிக்க வந்தவரைப் பார்த்து, ‘இவர் பட்டியலில் உள்ள அந்த ஆள் அல்லர்’ என்று ஒரு கட்சியின் முகவர் ஆட்சேபித்தால், அவர் முதலில் இரண்டு ரூபாயைப் பணமாகக் கட்ட வேண்டும். கட்டிய பிறகே அலுவலர் விசாரிப்பார். ஆட்சேபம் மெய்ப்பிக்கப்படாவிட்டால் வந்தவர் வாக்களிப்பார். அது வீண் விளையாட்டாகவோ கெட்ட எண்ணத்துடனோ செய்யப்பட்டது என்று அலுவலர் கருதினால் இரண்டு ரூபாய் அரசுக்குப் போய்விடும்.

1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் உள்ள ஏற்பாடு இது. பின்னர் வாக்குப்பதிவு இயந்திரம் வந்தபோது அதற்கென்று தனி விதிகள் சேர்க்கப்பட்டன. அவற்றிலும் அதே இரண்டு ரூபாய்தான். பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டு எல்லாரும் சிரித்தோம். விலைவாசியை மறந்துபோன ஒரு விதி என்று தோன்றியது. ஆனால் அந்தத் தொகைக்குப் பின்னால் இருக்கும் எண்ணம் சிரிப்பதற்குரியதன்று. ஒரு குடிமகனை நீ யார் என்று கேட்பவன்தான் முதலில் விலை கொடுக்க வேண்டும். வந்து நிற்பவன் தன்னை மெய்யன் என்று காட்டிக்கொண்டு வரவேண்டியதில்லை. அடையாள அட்டையின் வரலாற்றை நான் இந்த இரண்டு ரூபாயிலிருந்தே படிக்க விரும்புகிறேன். அட்டை வந்த பிறகு அந்தச் சுமை யார் தோளிலிருந்து யார் தோளுக்கு மாறியது என்பதே என் கேள்வி.

சுதந்திர இந்தியாவின் முதல் வாக்காளர் பட்டியலைத் தயாரிக்கும் வேலை, அரசியலமைப்புச் சட்டம் எழுதி முடிக்கப்படுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஆர்னிட் ஷானி என்னும் வரலாற்றாய்வாளர் 2018இல் வெளியிட்ட நூலில் அந்தக் கதையை விரிவாகச் சொல்கிறார். வீடு வீடாகச் சென்று பெயர்களை எழுதி வந்தனர். பிரிவினையால் இடம்பெயர்ந்து வந்தவர்களிடம் என்ன ஆவணம் இருக்கும்? இந்த ஊரில் நிலையாகத் தங்கப் போகிறேன் என்று அவர்கள் உறுதிமொழி கொடுத்தால் போதும், பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தனர். வீட்டையும் நிலத்தையும் விட்டு ஓடிவந்த ஒருவரின் வாய்ச்சொல்லை அரசு ஆவணமாக ஏற்றுக்கொண்டது. இதைப் படித்தபோது நெடுநேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

அந்தப் பட்டியலுக்கு மற்றொரு முகமும் உண்டு. வட மாநிலங்களில் ஏராளமான பெண்கள் தம் பெயரை அயலாரிடம் சொல்ல மறுத்தனர். இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்றே பதிவாயினர். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. வாக்காளர் என்றால் சொந்தப் பெயர் இருந்தாக வேண்டும் என்றார். சுமார் 8 கோடிப் பெண் வாக்காளர்களில் ஏறத்தாழ 28 லட்சம் பேர் சொந்தப் பெயர் சொல்லாததால் பட்டியலில் இடம்பெறவில்லை. அவர் செய்தது சரியா என்று இன்றும் எனக்கு முடிவாகத் தெரியவில்லை. அடுத்த தேர்தலுக்குள் பெண்கள் பெயர் சொல்லத் தொடங்கினர் என்பது அவர் பக்கத்து நியாயம். 1951–52இல் அந்த 28 லட்சம் பேருக்கு வாக்கு இல்லை என்பதும் நடந்ததுதான்.

அந்த முதல் தேர்தலில் முகத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. விரலைத்தான் கேட்டார்கள். வெள்ளி நைட்ரேட் கலந்த அழியாத மை, ஒருவர் இரண்டாம் முறை வருவதைத் தடுத்தது. அவர் யார் என்று சொல்லவில்லை. (1962 முதல் அந்த மை மைசூரிலுள்ள வண்ணப்பூச்சு ஆலையிலிருந்து வருகிறது.) அவர் யார் என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் ஊர்க்காரர்கள். வாக்காளரை அடையாளம் காண உதவத் தக்கவர்களைச் சாவடியில் அமர்த்திக்கொள்ளலாம் என்று விதியே சொல்கிறது. நம் பக்கத்தில் கர்ணமும் தலையாரியும் அந்த வேலையைச் செய்த காலம் ஒன்று இருந்தது. எதிரெதிர்க் கட்சிகளின் முகவர்களும் அதற்காகத்தான் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கிறார்கள். பட்டியலிலுள்ள எழுத்துப்பிழை, அச்சுப்பிழை முதலியவற்றைப் பொருட்படுத்த வேண்டாம் என்றும் ஒரு விதி உண்டு. அதை எழுதியவர் நம் ஊர்ப் பட்டியல்களை நன்கு அறிந்தவராக இருக்க வேண்டும்.

ஆயினும் கள்ள ஓட்டு இல்லாமலில்லை. கிராமத்தில் எல்லார்க்கும் எல்லாரையும் தெரியும். நகரத்தில் யார்க்கு யாரைத் தெரியும்? பெருநகரங்களில் வாக்காளருக்குப் படத்துடன் அட்டை தரலாம் என்ற யோசனை 1957 தேர்தலுக்குப் பிறகு எழுந்தது. 1958 டிசம்பரில் அதற்கேற்பச் சட்டம் திருத்தப்பட்டது. 1960இல் கல்கத்தா தென்மேற்கு மக்களவைத் தொகுதி இடைத்தேர்தலுக்காகச் சோதித்துப் பார்த்தனர். பத்து மாதம் உழைத்தும், ஏறக்குறைய 3,42,000 வாக்காளர்களில் 2,10,000 பேருக்குத்தான் அட்டை கொடுக்க முடிந்தது. பலர் வீட்டில் இல்லை, பலர் குடிபெயர்ந்திருந்தனர். பெண்களில் பெருந்தொகையினர், படம் எடுப்பவர் ஆணாயினும் பெண்ணாயினும் எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றனர். திட்டத்தைக் கைவிட்டார்கள். பத்தாண்டுகளுக்கு முன் பெயரைத் தர மறுத்த பெண்கள். இப்போது முகத்தைத் தர மறுத்த பெண்கள். ஆனால் இம்முறை ஆணையம் பின்வாங்கியது, யாருடைய வாக்கும் போகவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு நீண்ட மௌனம். 1979இல் சிக்கிம் சட்டமன்றத் தேர்தலிலும், பின்னர் அஸ்ஸாம், மேகாலயா, நாகாலாந்து ஆகியவற்றிலும் படத்துடன் கூடிய அட்டைகள் வந்தன. நாடு முழுமைக்கும் அவற்றைக் கொண்டுவரும் ஆணையை 1993 ஆகஸ்ட் 28 அன்று பிறப்பித்தவர் டி.என். சேஷன். பாலக்காட்டுத் தமிழர், மதுரை மாவட்டத்தின் ஆட்சியராக இருந்தவர். அட்டை கொடுக்காத மாநிலங்களில் 1995 ஜனவரிக்குப் பிறகு தேர்தலே நடத்த மாட்டேன் என்று அவர் எச்சரித்தார். மாநிலங்கள் செலவைக் காட்டி முணுமுணுத்தன. வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றன. அட்டை இல்லாமையால் தேர்தல் எங்கும் நின்றுவிடவில்லை. சேஷனைக் கொண்டாடும் நண்பர்கள் பலர் அட்டையால்தான் கள்ள ஓட்டு ஒழிந்தது என்பார்கள். நான் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். தடியோடு சாவடியைக் கைப்பற்ற வருகிறவன் வரிசையில் நின்று அட்டை காட்டுவதில்லை. அவனை நிறுத்தியது துணைராணுவமும், கட்டம் கட்டமாக நடந்த தேர்தலும், பின்னர் வந்த இயந்திரமும். ஒருவர் பெயரில் இன்னொருவர் தனியாக வந்து போடும் வாக்கைத்தான் அட்டை தடுத்தது. அதுவும் சிறிய காரியமன்று. தம் வாக்கை முன்பே யாரோ போட்டுவிட்டார்கள் என்று அறிந்தவர் படும் அவமானத்தை நான் சாவடியில் கண்டிருக்கிறேன். அவருக்கென்று ‘ஆய்வுக்குரிய வாக்கு’ ஒன்று உண்டு. 2018இல் ‘சர்கார்’ திரைப்படம் வந்த பிறகு 49பி என்ற விதி எண்ணைப் பிள்ளைகளும் சொன்னார்கள். ஆனால் அந்தச் சீட்டு உறையில் போய்விடும், வழக்கமான எண்ணிக்கையில் சேராது. அதையும் சொன்னால்தான் விதி முழுமையாகும்.

என் அப்பத்தாவுக்கு அட்டை வந்தது 1995 வாக்கில். என் பெற்றோர் பம்பாயில் இருந்தனர். நான் சிவகங்கைப் பக்கத்தில் அப்பத்தாவிடம் வளர்ந்தேன். விவரம் எழுத வந்தவர் கணவர் பெயரைக் கேட்டிருக்கிறார். அப்பத்தா வாழ்நாளில் அந்தப் பெயரை உச்சரித்ததில்லை. தாத்தா இறந்து பல்லாண்டுகள் ஆன பின்னும் அந்த நோன்பு நீங்கவில்லை. வழக்கம்போல் குறிப்பால் உணர்த்தியிருக்கிறார்: “மலை மேல நிக்கிற சாமி பேரு.” வந்தவர் ‘பழனி’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். தாத்தாவின் பெயர் வேலாயுதம். பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் கேட்டபோது, “முருகன்தானே, எந்தப் பேரா இருந்தா என்ன?” என்றார் அப்பத்தா. பிறகு பள்ளிக்கூடத்துத் திண்ணையில் வரிசையில் நின்று, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார். கறுப்பு நிழலாக ஒரு முகமும், பழனி என்ற கணவர் பெயருமாக அட்டை வந்தது. 1996 தேர்தலில் அதைக் கொண்டுபோய் வாக்களித்தார். சாவடியிலிருந்த முகவர்கள் இருவரும் உறவுக்காரர்கள். யாரும் இரண்டு ரூபாய் கட்டவில்லை.

2000ஆம் ஆண்டு அரியானா சட்டமன்றத் தேர்தலில்தான் வாக்காளர் அடையாளத்தைக் காட்டியே ஆக வேண்டும் என்று ஆணையம் முதன்முறை கண்டிப்பாகக் கேட்டது. ஆனால் ஆணையத்தின் அட்டை இல்லாதவர்கள் வேறு சில ஆவணங்களையும் காட்டலாம் என்றது. அந்தப் பட்டியல் தேர்தலுக்குத் தேர்தல் மாறி வந்திருக்கிறது: கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம், படத்துடன் கூடிய வங்கிப் புத்தகம், பின்னர் நூறு நாள் வேலை அட்டை, ஆதார். நம்மிடம் ஓட்டுநர் உரிமம் பல ஆவணங்களுள் ஒன்று. அதுவே முதன்மையான அடையாளமாகிவிட்ட நாட்டில் என்ன நடந்தது என்பதையும் பார்த்துவிட்டு வரலாம்.

அமெரிக்காவில் தேசிய அடையாள அட்டை என்று ஒன்று இல்லை. கார் ஓட்டும் நாடாகையால் மாநில அரசு தரும் ஓட்டுநர் உரிமமே அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. சேஷன் ஆணையிட்ட அதே 1993இல், அங்கே உரிமம் வாங்கப் போகும் அலுவலகத்திலேயே வாக்காளராகவும் பதிவு செய்துகொள்ள வழிவகுத்த சட்டம் ஒன்று வந்தது. ‘மோட்டார் வோட்டர்’ சட்டம் என்று அதைச் செல்லமாக அழைத்தனர். உரிமம் வாக்குரிமைக்கு வாசலாயிற்று. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2005இல், இந்தியானா மாநிலம் அதே உரிமத்தைப் பூட்டாக்கியது: அரசு தந்த படமுள்ள அடையாளம் காட்டாதவர் சாவடியில் வழக்கமான முறையில் வாக்களிக்க இயலாது. கார் ஓட்டாதவர்களுக்கு இலவச அட்டை உண்டு என்றார்கள். அதை வாங்கப் பிறப்புச் சான்றிதழ் போன்றவை வேண்டும். சான்றிதழுக்குக் கட்டணமும் அலைச்சலும் உண்டு. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. சாவடியில் நேரில் வந்து ஆள்மாறாட்டம் செய்ததாக இந்தியானாவில் ஒரு சான்றும் வழக்கேட்டில் இல்லை. இருந்தும் 2008 ஏப்ரலில் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் சட்டம் செல்லும் என்றது நீதிமன்றம். ஒரு வாரம் கழித்து, மே 6 அன்று, சவுத் பெண்ட் நகரில் பத்துப் பன்னிரண்டு முதிய கன்னியாஸ்திரீகள் தம் மடத்துக்குள்ளேயே இருந்த சாவடிக்கு வாக்களிக்க வந்தனர். பலர் எண்பது, தொண்ணூறு வயதைக் கடந்தவர்கள். கார் ஓட்டுவதை விட்டு நெடுங்காலமாகிவிட்டது. அவர்களைத் திருப்பி அனுப்பியவரும் அதே மடத்தைச் சேர்ந்த சகோதரிதான். தேர்தல் அலுவலராக உட்கார்ந்திருந்த அவருக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரையும் தெரியும். தெரிந்திருப்பது போதவில்லை.

இந்தச் செய்தியைப் படித்த நாளில் நான் அப்பத்தாவின் சாவடியை நினைத்துக்கொண்டேன். எது நல்ல ஏற்பாடு என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. ஊரார் அறிந்திருப்பதை நம்பும் ஏற்பாட்டில், ஊரார் ஒதுக்கிவைத்தவனுக்குச் சாட்சி சொல்ல ஆளிருக்காது. சேரியிலிருந்து வந்தவரைப் பார்த்து ‘இவரைத் தெரியாது’ என்று முகவர் சொல்லிவிட்டால், அவர் சட்டைப்பையிலிருக்கும் அட்டைதான் அவருக்குத் துணை. இதனால்தான் நம் நாட்டில் ஏழைகள் அட்டையை வெறுக்கவில்லை. பெட்டியில் துணிக்கடியில் வைத்துக் காத்தார்கள். அமெரிக்காவில் அதே அட்டை ஏழைகளுக்கு எதிரானது என்று வழக்காடப்பட்டது. முரண்பாடாகத் தோன்றும். வேறுபாடு அட்டையில் இல்லை. அதை யார் தேடிப் போக வேண்டும் என்பதில் இருக்கிறது. இங்கே அரசு வீட்டுக்கு வந்து எழுதிக்கொண்டது, ஊருக்கு வந்து படம் எடுத்தது, காசு வாங்காமல் கொடுத்தது. பிழையாகக் கொடுத்தது என்பது வேறு. அங்கே வாக்காளர் தம் செலவில் அலுவலகத்தைத் தேடிப் போக வேண்டியிருந்தது. டெக்சாஸ் மாநிலம் 2011இல் இயற்றிய சட்டத்தில் கைத்துப்பாக்கி உரிமம் ஏற்கப்பட்டது. கல்லூரி மாணவர் அட்டை ஏற்கப்படவில்லை. ஆசிரியன் என்ற முறையில் இதைப் பற்றி நான் அதிகம் பேசாமலிருப்பது நல்லது. இந்தியானாச் சட்டத்தை 2007இல் மேல்முறையீட்டில் ஆதரித்துத் தீர்ப்பெழுதிய நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர், 2013இல் வெளிவந்த தம் நூலில் அது தவறு என்று ஒப்புக்கொண்டார். அத்தகைய ஒப்புதல் நீதிபதிகளிடம் அரிது.

இந்தியாவில் இந்த ஏற்பாடு உச்சத்தை எட்டியது 2009இல் என்பேன். அவ்வாண்டு மக்களவைத் தேர்தலில் 543 தொகுதிகளில் 522இல், வாக்காளர் பட்டியலிலேயே ஒவ்வொருவரின் படமும் அச்சாகியிருந்தது. வந்தவர் அட்டையை மறந்திருந்தாலும் அவர் முகம் அலுவலரின் கையிலுள்ள தாளில் இருந்தது. பின்னர் வீட்டுக்கே வந்த படச்சீட்டையும் சில காலம் அடையாளமாக ஏற்றனர். 2019 மக்களவைத் தேர்தலிலிருந்து அதை மட்டும் காட்டினால் போதாது என்று நிறுத்திவிட்டார்கள்.

2025 ஜூன் 24 அன்று பீகாரில் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்கு ஆணையம் உத்தரவிட்டது. 2003ஆம் ஆண்டுப் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்குத் தொல்லையில்லை. மற்றவர்கள் பதினொரு ஆவணங்களில் ஒன்றைக் காட்ட வேண்டும். அந்தப் பதினொன்றில் ஆதார் இல்லை, குடும்ப அட்டை இல்லை, முப்பதாண்டுகளாகத் தேர்தல் ஆணையமே கொடுத்துவந்த வாக்காளர் அட்டையும் இல்லை. ஆகஸ்ட் 1 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் 7.24 கோடிப் பெயர்கள் இருந்தன; முன்பு இருந்த சுமார் 65 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், இடம்பெயர்ந்தவர்கள், இரண்டு இடங்களில் பதிவானவர்கள் என்று ஆணையம் காரணம் கூறியது. பட்டியலைத் தூய்மை செய்ய வேண்டியதில்லை என்று நான் சொல்ல மாட்டேன். செத்தவர் பெயர்கள் நிறைந்த பட்டியலோடு சாவடியில் உட்கார்ந்திருந்தவன் நான். ஆனால் விடுபட்டவர்களின் பெயர்களைக் காரணத்துடன் வெளியிடச் செய்வதற்கு உச்ச நீதிமன்றம் ஆகஸ்டில் உத்தரவிட வேண்டியிருந்தது. ஆதாரைப் பன்னிரண்டாவது ஆவணமாகச் சேர்க்கச் செப்டம்பரில் மற்றோர் உத்தரவு வேண்டியிருந்தது. அகதியின் வாய்ச்சொல்லை ஏற்ற 1948க்கும், தான் கொடுத்த அட்டையைத் தானே ஏற்காத 2025க்கும் இடையே ஐயப்படுபவர் கட்ட வேண்டிய இரண்டு ரூபாய் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

நவம்பர் 4 முதல் தமிழ்நாட்டிலும் அதே பணி தொடங்கியது. இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய பட்டியலில் தம் பெயரையோ பெற்றோர் முதலிய நெருங்கிய உறவினரின் பெயரையோ கண்டுபிடித்துப் படிவத்தில் எழுத வேண்டும். அந்தப் பட்டியல் தயாரான காலத்தில் நான் மாணவர் விடுதியில் இருந்தேன். என் பெயர் எங்கும் ஏறவில்லை. பெற்றோர் பம்பாயில். அப்பத்தா ஒருவர்தான் எஞ்சியவர். இரவு கணினியில் எங்கள் ஊர்ப் பட்டியலைப் பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனேன். வேலாயுதம் என்ற பெயரைத் தேடித் தேடிக் கண்கள் எரிந்தன. இல்லை. மறுநாள் காலையில்தான் நினைவு வந்தது. மீண்டும் திறந்து பார்த்தால் இருந்தார்: அப்பத்தாவின் பெயர், ஐந்தாறு வயது குறைத்து ஒரு வயது, கணவர் பெயர் பழனி.

படிவம் வாங்க வந்த வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஓர் அங்கன்வாடி ஊழியர். காலையிலிருந்து நடந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. என் அப்பாவின் சான்றிதழில் தந்தை பெயர் வேலாயுதம் என்றும், பட்டியலில் அப்பத்தாவுக்குக் கணவர் பழனி என்றும் இருப்பதைப் பார்த்து, “சார், இது எப்படி?” என்றார். மலை மேல் நிற்கும் சாமியின் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “எங்க அம்மாவும் இப்படித்தான் சார், இன்னைக்கும் சொல்ல மாட்டாங்க” என்று சொல்லிவிட்டு, பேனாவின் மூடியைக் கழற்றி, பட்டியலில் உள்ளபடியே ‘பழனி’ என்று எழுதச் சொன்னார். எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.